இறந்த பிறகும் 186 ஆண்டுகள் பாரிஸில்: யார் இந்த சாரா பார்ட்மன்?

கேப்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பெண்ணின் நிர்வாணச் சிலை இருந்தது. பழைய இரும்பு, தகரத் துண்டுகளை வெல்டிங் செய்து சிற்பி வில்லி பெஸ்டர் உருவாக்கியது. 2016-ல் சிலர் அதற்குத் துணி போர்த்தினார்கள். அந்தத் துணியை எடுக்கலாமா, கூடாதா என்று பெரிய விவாதமே நடந்தது. ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

சாரா பார்ட்மன் தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனப் பெண். கேப்டவுனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவரை 1810-ல் லண்டனுக்குக் கூட்டிப்போனார்கள். வேலை? பிக்காடிலியில் மேடையேறி நிற்பது. உடம்போடு ஒட்டிய மெல்லிய உடையில் அவரது இடுப்பையும் பின்புறத்தையும் பார்க்க டிக்கெட் வாங்கிக் கூட்டம் வந்தது.

பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்து 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதனால் அடிமை ஒழிப்பு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். விருப்பத்தோடுதான் வந்தேன் என்று சாரா சொன்னதாகப் பதிவானது, வழக்கு முடிந்தது. ஊர் திரும்ப வழியில்லாத ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் விருப்பம் கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கு?

1814-ல் பாரிஸ். அங்கே அவரை வைத்துக் காட்சி நடத்தியவர் விலங்குகளைப் பழக்குபவர். 1815 மார்ச்சில் விஞ்ஞானிகளும் ஓவியர்களும் 3 நாள் அவரை நிற்கவைத்து அளந்தார்கள், வரைந்தார்கள். ஆனா ஒன்றை மட்டும் சாரா கடைசிவரை விட்டுக்கொடுக்கலை. இடுப்புக்குக் கீழே ஒரு துணியால் மறைத்துக்கொண்டார்.

அந்த டிசம்பரில் அவர் இறந்தார். வயது 30-ஐக்கூடத் தொட்டிருக்காது. உயிரோடு இருக்கும்போது கிடைக்காத அனுமதி இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் குவியே முதலில் உடலுக்கு அச்சு எடுத்தார், பிறகு அறுத்தார். மூளையும் பிறப்புறுப்பும் ஜாடிக்குள் போயின. எலும்புக்கூடும் அச்சும் அருங்காட்சியகத்துக்குப் போய், 1970-கள் வரை காட்சியில் இருந்தன. மனிதர்களை இன வரிசையில் அடுக்க, குவியேயின் அறிக்கை நீண்ட காலம் ஆதாரமாகக் காட்டப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்க: ஐரோப்பாவில் அவர் உயிரோடு இருந்தது சுமார் 5 ஆண்டுகள், சடலமாக இருந்தது 186.

1994-ல் மண்டேலா உடலைத் திருப்பிக் கேட்டார். கொடுக்க பிரான்ஸ் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2002 ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்காவின் மகளிர் தினத்தன்று, ஹேங்கி என்ற ஊரில் அடக்கம் நடந்தது.

பெஸ்டரின் நோக்கம் அவமதிப்பு இல்லை. அந்த வன்முறையை இரும்பில் காட்டுவதுதான். ஆனாலும் துணி போர்த்தியவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோணுது. 2018-ல் அதே பல்கலைக்கழகம், காலனியத் தலைவர் ஜேம்சனின் பெயரில் இருந்த தன் அரங்குக்கு சாரா பார்ட்மன் பெயரைச் சூட்டியது.