நானூறு அடிகளும் ஒரு சிறுவனும்

விடலைப் பருவத்தைத் திரையில் வரைந்தோர் பலர். அப்பருவத்தின் தன்னலத்தையும் பொய்யையும் மறைக்காமலும், அவற்றின்பொருட்டுச் சிறுவனை வெறுக்காமலும் வரைந்தோர் மிகச் சிலரே. அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துரூஃபோ.

1932 பிப்ரவரி 6 அன்று பாரிசில், மணமாகாத இளம்பெண் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பின்னர் அப்பெண்ணை மணந்த ரோலான் துரூஃபோ குழந்தைக்குத் தம் பெயரை அளித்தார். பாட்டியிடம் வளர்ந்த சிறுவன், அவர் மறைந்தபின் பெற்றோரின் சிறு இல்லத்திற்கு வந்தான். அங்கே படுக்க இடமிருந்தது. வேண்டப்பட்டவன் என்னும் நிறைவுதான் இல்லை. நூல்களும் திரையரங்குகளும் புகலிடமாயின. 1948-இல் அவன் தொடங்கிய திரைப்படக் கழகம் கடனில் முடிந்தது. தந்தையே காவலரிடம் ஒப்படைக்க, சிறார் காப்பகம் வாய்த்தது. அவனை மீட்டவர் திறனாய்வாளர் ஆந்த்ரே பஸான். பின்னாளில் படையைவிட்டு ஓடிச் சிறைப்பட்டபோதும் அவரே துணைநின்றார், எழுதவும் வழிகாட்டினார்.

துரூஃபோவின் முதல் முழுநீளப் படம் 1958 நவம்பரில் தொடங்கியது. தொடங்கிய மறுநாளே பஸான் காலமானார். படம் அவருக்கே காணிக்கையாயிற்று. 1959-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் பெற்றது. முந்தைய ஆண்டு இதே விழா, கடுமையான விமரிசகர் என்பதால் அவருக்கு அனுமதி மறுத்திருந்தது!

ஆங்கிலம் வழியாக இப்படம் 'நானூறு அடிகள்' என்று பெயர் பெற்றுவிட்டது. பிரெஞ்சு மரபுத்தொடரின் பொருளோ வேறு: கட்டுக்கடங்காது குறும்பும் அடாவடியும் செய்து திரிதல். மொழிபெயர்ப்பு சிறுவனை அடிபட்டவனாக்குகிறது; மூலமோ அவனையும் செயலுக்குரியவனாக நிறுத்துகிறது. சொல்லை எடைபோடும் கவிஞர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

அந்துவான் துவானெல் என்னும் அச்சிறுவன் பள்ளிக்கு வராமைக்குக் காரணமாகத் தாய் இறந்துவிட்டாள் என்கிறான். பால்சாக்கின் எழுத்தைத் தன் கட்டுரையாக எழுதித் தருகிறான். அந்த எழுத்தாளரின் படத்திற்கு மெழுகுவத்தி ஏற்றி வீட்டில் தீ மூட்டிவிடுகிறான். தட்டச்சுப் பொறியைத் திருடி, திருப்பி வைக்கும்போது பிடிபடுகிறான். ஒளிப்படக் கருவி அவனுக்காக வாதாடுவதும் இல்லை, குற்றம் சாட்டுவதும் இல்லை. உளவியலாளர் வினவும் காட்சியில் அவர் குரல் மட்டுமே ஒலிக்க, பதினான்கு வயது ழான் பியேர் லெயோ பெரும்பாலும் தன் சொந்தச் சொற்களாலேயே விடையளிக்கிறான். தமிழ்த்திரையில் சிறுவர் பேசும் முதிர்ந்த வசனங்களுக்கு இது நேர் எதிர்.

இந்த நேர்மைக்கு விலையும் இருந்தது. தம் இல்லம் ஊரறியத் திறக்கப்பட்டது கண்டு பெற்றோர் புண்பட்டனர். மகனின் கலையிலும் அந்த விடலையின் தன்னலம் ஓரளவு தங்கியிருந்தது எனலாம்.

1979 வரை துவானெல் மேலும் நான்கு படங்களில் வளர்ந்தான். காதலித்தான், மணந்தான், பிரிந்தான். தன்னையே சுற்றிவரும் இயல்பு மட்டும் மாறவில்லை. அவன் துப்பறியும் நிறுவனத்தில் வேலைபார்க்கும் படம் வெளிவந்த 1968-இல், துரூஃபோ அத்தகைய நிறுவனத்தின் வழியே தம்மைப் பெற்ற தந்தை யூதப் பல்மருத்துவர் ஒருவர் என அறிந்தார். ஆயினும் சென்று சந்திக்கவில்லை. 1970-இல் 'காட்டுச் சிறுவன்' படத்தில் கற்பிக்கும் மருத்துவராகத் தாமே நடித்து, அதனை லெயோவுக்குக் காணிக்கையாக்கினார்.

மூளைக்கட்டியால் 1984 அக்டோபர் 21 அன்று, தம் 52-ஆம் வயதில் மறைந்தார். மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.