கண்ணொளி காத்த கிரேஃபே

உடலுறுப்புகளுள் கண்ணுக்கு நிகராக மதிக்கப்படுவது வேறொன்றில்லை. அன்பிற்குரியாரைக் கண்ணே என்றும் கண்மணி என்றும் அழைப்பது நம் வழக்கம். அத்தகைய கண் நாளுக்குநாள் ஒளி மழுங்கிப் போவதைக் கண்டும், தடுக்கும் வழி அறியாது மருத்துவர்கள் கைகட்டி நின்ற காலம் ஒன்று இருந்தது. அது மிகப் பழங்காலமுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பாவின் பெருநகரங்களிலும் நிலைமை இதுவே. அந்நிலையை மாற்றியவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே ஆவார். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 42 ஆண்டுகளே.

கிரேஃபே 1828ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் கார்ல் ஃபெர்டினாண்ட், பெர்லின் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். சிதைந்த மூக்கைச் சீர்படுத்துவதில் பெரும்புகழ் பெற்றவர். நெற்றித் தோலைக் கொண்டு மூக்கை அமைக்கும் நம் இந்திய நாட்டு முறையையும் அவர் தம் நூலில் எடுத்து விளக்கியுள்ளார் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. அப்பெரியார் 1840ஆம் ஆண்டில், ஹானோவர் நாட்டு இளவரசரின் கண்ணுக்கு மருத்துவம் செய்யச் சென்ற இடத்தில் திடீரென உயிர் நீத்தார். அப்போது மகனுக்கு வயது பன்னிரண்டு. தந்தை தொட்டும் தொடாமலும் விட்டுச்சென்ற கண் மருத்துவத்தை மகன் தம் வாழ்நாட்பணியாகக் கொள்வார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சிறுவர் கிரேஃபே கல்வியில் மிகக் கூரியவர். பதினைந்து வயதிலேயே பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1847ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு அயல்நாடுகளில் உள்ள மருத்துவமனைகளைக் காணப் புறப்பட்டார். பிராகா நகரில் ஆர்ல்ட் என்னும் ஆசிரியரிடம் பயின்றபோதுதான் அவர் உள்ளம் கண் மருத்துவத்தின்பாற் சென்றது. அங்கிருந்து பாரிசுக்கும் வியன்னாவிற்கும் இலண்டனுக்கும் சென்று, ஆங்காங்கே வாழ்ந்த வல்லுநர்களின் கைத்திறனை உடனிருந்து கற்றார். இலண்டனில் டாண்டர்ஸ் என்னும் டச்சு நாட்டு அறிஞரின் நட்பு வாய்த்தது. அந்நட்பு இறுதிவரை நிலைத்தது.

அக்காலத்தில் கண்ணுக்கெனத் தனி மருத்துவர் மிக அரியர். கை கால்களை அறுப்பவரே கண்ணையும் அறுப்பார். போதாக்குறைக்கு, ஊர் ஊராய்ச் சென்று கண்புரையை ஊசியாற் குத்தித் தள்ளிவிட்டு, கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் நாடோடிகளும் முன்னர்ப் பலர் இருந்தனர். அவர் போன பின்பு கண் சீழ்ப்பிடித்து அழிந்தாலும் கேட்பார் இல்லை.

நல்ல மருத்துவர்க்கும் ஒரு பெருந்தடை இருந்தது. கண்மணி கறுப்பாகத் தோன்றுகிறதே, அஃது ஏன்? விளக்கின் ஒளி கண்ணுக்குள் நுழைகிறது. பின்புறத்து விழித்திரையிற் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அவ்வழியில் நாம் கண்ணை வைத்துப் பார்க்க முயன்றால், நம் தலையே விளக்கை மறைத்துவிடும். ஆதலின் உயிருள்ள மனிதர் ஒருவரின் விழித்திரையைக் கண்டார் எவருமில்லை. உள்ளே நிகழும் கேடு, நோயாளி இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்ப்பவர்க்கே தெரியும்.

இத்தடையை உடைத்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர். கண்ணாடித் தகட்டைச் சாய்வாகப் பிடித்து, விளக்கொளியை அதிற் பட்டுத் தெறித்து நோயாளியின் கண்ணுக்குட் செல்லச் செய்தார். அதே தகட்டின் ஊடாகத் தாம் நோக்கினார். திரும்பிவரும் ஒளியில் விழித்திரையும் அதன் குருதிக் குழாய்களும் தெளிவாகத் தெரிந்தன. இக்கருவியைப் பற்றி அவர் 1851ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அதனை முதலிற் கையிலெடுத்தவர்களுள் கிரேஃபேயும் ஒருவர். தமக்கு ஒரு புதிய உலகமே திறக்கப்பட்டது போல அவர் பூரித்துப் போனாராம். அவ்வாண்டிலேயே அவர் பெர்லினில் கண் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். செல்வரும் வந்தனர், ஏழையரும் வந்தனர். ஏழையரிடம் அவர் பொருள் பெற்றதில்லை. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து குழுமலாயினர்; கற்க விரும்பிய இளமருத்துவர்களும் திரண்டனர்.

இனி அவரது பெரும் போராட்டத்தைக் காண்போம். குளுக்கோமா என்பது ஒரு கொடிய கண்ணோய். கண்விழி, நீர் நிறைந்த ஒரு சிறு பந்து போன்றது. அதனுள்ளே ஒருவகைத் தெளிந்த நீர் ஓயாது ஊறுகிறது. ஊறும் அளவுக்கு வடிந்தும் போகிறது. வடியும் வாய் அடைபட்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து விழி கல் போல் இறுகும். அழுத்தம் தாங்காமல் பார்வை நரம்பு நைந்துவிடும். இந்நோயில் ஒருவகை திடீரெனத் தாக்குவது. கண் சிவக்கும், தலை பிளப்பது போல் வலிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையங்கள் தோன்றும். சில நாட்களில், சில வேளைகளிற் சில மணி நேரத்திலேயே, பார்வை போய்விடும். அன்றைய மருத்துவர்கள் அட்டையை விட்டுக் குருதி வாங்குவார்கள். வேறு செய்வதொன்றும் அறியார். இந்நோய் கண்டவர் குருடராவது விதியெனவே எண்ணப்பட்டது.

கிரேஃபே புதிய கருவியின் துணையால் இந்நோயாளிகளின் பார்வை நரம்பு விழியிற் புகும் இடத்தை நோக்கினார். அவ்விடம் மேடாகப் புடைத்திருப்பதாக முதலில் எண்ணினார். அவ்வாறே 1854ஆம் ஆண்டில் எழுதியும் விட்டார். ஆனால் உண்மை அதற்கு நேர்மாறானது. அவ்விடம் குழிந்திருந்தது. ஒற்றைக் கண்ணால் கருவியின் வழியே நோக்குங்கால் மேடும் பள்ளமும் மாறித் தோன்றுதல் இயல்பே. மீண்டும் மீண்டும் ஆராய்ந்து தம் பிழையை உணர்ந்த கிரேஃபே, அடுத்த ஆண்டிலேயே அதனைத் தாமே எழுதித் திருத்தினார். புகழ் வளரும் பருவத்தில் ஒருவர் இவ்வாறு செய்தல் எளிதன்று. ஆயினும் அத்திருத்தமே அவருக்கு வழி காட்டியது. நரம்பு குழிந்திருக்கிறது எனின், உள்ளிருந்து ஏதோ ஒன்று அதனை அழுத்துகிறது என்பது பெறப்படுகிறது. எனவே அழுத்தத்தைக் குறைத்தலே மருந்து. குறைப்பது எங்ஙனம்?

கண்மணியைச் சுற்றி நிறத்தோடு விளங்கும் மெல்லிய திரையை ஐரிஸ் என்பர். வேறு சில நோய்களுக்காக அத்திரையின் ஒரு துண்டை அறுத்து நீக்கும் பழக்கம் முன்னரே உண்டு. அவ்வாறு நீக்கிய பின், இறுகியிருந்த விழி இளகுவதைக் கிரேஃபே கண்டிருந்தார். அதனையே குளுக்கோமாவுக்கும் செய்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. சிவந்து வீங்கி வலியால் துடிக்கும் கண்ணிற் கத்தியை வைப்பது பேதைமை என்பது பலர் கொள்கை. அறுத்தபின் பார்வை போனால், நோயைக் குறை கூறமாட்டார்கள், மருத்துவரையே கூறுவார்கள். மறுபுறமோ, வாளா இருந்தால் அக்கண் குருடாவது உறுதி. கிரேஃபே அறுவையைத் துணிந்தார். நோயாளிகள் கண் விழித்தனர், வலி நீங்கியது, மங்கிய பார்வை பலருக்கு மீண்டது.

இவ்வெற்றியை அவர் உடனே முரசறையவில்லை. பார்வை நிலைத்திருக்கிறதா என்று மாதக்கணக்கிற் பொறுத்திருந்து பார்த்த பின்பே, 1857ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்டார். அவ்வாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரிற் கூடிய கண் மருத்துவர் பேரவையிலும் அதனை எடுத்துரைத்தார். ஐயுற்றாரும் உண்டு, எதிர்த்தாரும் உண்டு. இலண்டனில் பௌமன் போன்ற பெருமருத்துவர்கள் தாமும் செய்து பார்த்து ஏற்றுக்கொண்டனர். மெல்ல வளரும் வகைக் குளுக்கோமாவில் இம்முறை அவ்வளவாகப் பயன்படவில்லை என்பதையும் கிரேஃபே மறையாது எழுதினார். தம் அறுவை ஏன் பயன் தருகிறது என்பதற்கு அவர் கூறிய காரணம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. முன்தள்ளிய ஐரிஸ் திரை நீர் வடியும் மூலையை அடைத்துவிடுகிறது என்பதும், திரையில் ஒரு திறப்பு உண்டானால் நீர் அதன் வழியே சென்று அடைப்பை விலக்குகிறது என்பதும் பின்னர் வந்தோர் கண்டறிந்தவை. காரணம் தவறினும் கைம்மருந்து தவறவில்லை.

கண்புரை அறுவையிலும் அவர் கை பட்டது. கண்ணின் உள்ளே இருக்கும் தெளிந்த லென்சு, வெண்மை படர்ந்து ஒளியை மறைப்பதே கண்புரை. அதனை வெளியே எடுத்துவிடும் முறையைப் பிரான்சு நாட்டு டாவியேல் 1747ஆம் ஆண்டிற் செய்து காட்டினார். ஆனால் அதற்குக் கண்ணின் முன்புறத்தைப் பிறைவடிவமாகப் பெரிதும் அறுக்கவேண்டும். அப்பெரும்புண் எளிதில் மூடாது, சீழ்ப்பிடிக்கும். நூற்றுக்குப் பத்துக் கண்கள் அளவில் முற்றும் அழிந்தன. நோய்க்கிருமிகளைப் பற்றி அன்று எவரும் தெளிவாக அறியார். கண்ணை மரக்கச் செய்யும் மருந்தும் இல்லை. இந்நிலையில் கிரேஃபே குறுகிய, மெல்லிய கத்தி ஒன்றை ஆக்கினார். அதனால் விழியின் மேல்விளிம்பில் நேரான சிறு பிளவு மட்டும் உண்டாக்கி, அதன் வழியே லென்சை வெளிக்கொணர்ந்தார். அழியும் கண்களின் தொகை நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிற்று. பத்திலிருந்து மூன்று என்பது ஏட்டில் சிறிய கணக்கே. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு கண்ணுக்கும் உரியவர் ஒருவர் உண்டு என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். கிரேஃபே கத்தி என்னும் பெயரோடு அக்கருவி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மருத்துவர்களின் கையில் இருந்தது.

1854ஆம் ஆண்டில் அவர் கண் மருத்துவத்திற்கென ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். அஃது இன்றும் அவர் பெயரோடு வெளிவருகிறது. ஹைடல்பெர்க் நகரில் நண்பர் சிலரோடு அவர் தொடங்கிய கூட்டம், 1863ஆம் ஆண்டில் கண் மருத்துவர் சங்கமாக உருப்பெற்று இன்றளவும் நடைபெறுகிறது. 1866ஆம் ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக்கியது.

இத்தனைக்கும் இடையே அவர் உடல் தேய்ந்துகொண்டு வந்தது. காசநோய் அவரைப் பற்றியிருந்தது. 1861ஆம் ஆண்டில் நெஞ்சுக்கூட்டு நோயால் சாவின் வாயிலுக்கே சென்று மீண்டார். அடுத்த ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பெருங்குடியிற் பிறந்த அன்னா என்னும் நங்கையை மணந்தார். உடல் தளர்ந்த பின்னும் நோயாளிகளைக் காண்பதையோ கற்பிப்பதையோ அவர் விடவில்லை. 1870ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. மறுநாள் கிரேஃபே கண்மூடினார். நாடெங்கும் போர்ப்பறை முழங்கிய வேளையில் ஒரு மருத்துவரின் மறைவு பலர் செவிக்கு எட்டாமலே போயிருக்கும்.

அவர் இட்ட வழியில் மருத்துவம் மேலும் நடந்தது. 1876ஆம் ஆண்டில் குளுக்கோமாவின் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து ஒன்று கண்டறியப்பட்டது. 1884ஆம் ஆண்டில் வியன்னாவில் கொல்லர் என்னும் இளைஞர், கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் வழியைக் கண்டார்; அவர் கையாண்ட கொக்கெயின் தீங்குடையதாதலின், பின்னர்ப் பாதுகாப்பான மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. கிரேஃபேயின் அறுவைக்கு எளிதில் வசப்படாத, மெல்ல வளரும் குளுக்கோமாவுக்கு ஏற்ற அறுவை ஒன்று நம் சென்னையிலேயே உருவாயிற்று. 1819ஆம் ஆண்டில் தோன்றிய அரசுக் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட் என்பவர், விழியின் வெண்ணிற ஓட்டில் சிறு வட்டத் துளையிட்டு நீரை வடியச் செய்யும் முறையை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகின் பல நாடுகளில் அம்முறை பரவியது.

இன்று லேசர் ஒளிக்கற்றையைக் கொண்டு, கத்தி படாமலே, ஐரிஸ் திரையில் நுண்ணிய துளை இடுகின்றனர். கிரேஃபே செய்ததன் சுருங்கிய வடிவே அது. ஆயினும் நைந்துபோன பார்வை நரம்பை மீட்கும் மருந்து இன்றும் இல்லை. எஞ்சிய பார்வையைக் காக்கவே முடியும். மெல்ல வரும் வகையில் வலியே தோன்றாது. எனவே நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உடையவர்களும் விழியின் அழுத்தத்தையும் நரம்பையும் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தை மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி நெடுநாள் இட்டுக்கொள்வோர்க்கு அதுவே விழியின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

பெர்லின் நகரின் பழம்பெரும் சாரிட்டே மருத்துவமனையின் ஓரத்தில், தெருமுனையில், கிரேஃபேக்கு 1882ஆம் ஆண்டில் சிலை நிறுவினர். நின்ற கோலத்தில் உள்ள அவர் கையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட கருவி இருக்கிறது. சிலையின் ஒரு பக்கத்துப் புடைப்போவியத்தில் ஒளியிழந்தோர் உதவி நாடி வருகின்றனர். மறுபக்கத்தில் ஒளிபெற்றோர் திரும்பிச் செல்கின்றனர்.