கல் உடைக்கப் போனவர், மீன்களோடு திரும்பினார்: யார் இந்த ஹியூ மில்லர்?

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் குரோமார்ட்டி என்று ஒரு சின்ன துறைமுக ஊர். அங்கே கூரை வேய்ந்த வீடு ஒன்றில் 1802 அக்டோபர் 10 அன்று பிறந்தவர் ஹியூ மில்லர். அப்பா கப்பல் மாலுமி. மில்லருக்கு 5 வயது இருக்கும்போது, 1807இல், புயலில் கப்பலோடு காணாமல் போய்விட்டார். அதன்பிறகு பையனை வளர்த்தது அம்மாவின் சகோதரர்களான இரண்டு தாய்மாமன்கள். ஒருவர் குதிரைச் சேணம் தைப்பவர், இன்னொருவர் கடற்படையில் இருந்துவிட்டு வந்த தச்சர். கரையோரம் நண்டு, சிப்பி, கூழாங்கல் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எதையும் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் தச்சர் மாமாதான்.

பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டுவதில் வாத்தியாரோடு தகராறு வந்து, அது கைகலப்பு வரை போனது. அன்றோடு படிப்பு முடிந்தது. 1820இல், 17 வயதில், கல் வேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

குவாரியில் ஒரு நாள்

முதல் நாள் வேலை கடலோரக் குவாரியில். கடப்பாரைக்கு அசையாத பாறையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பெயர்ந்து விழுந்த துண்டுகளோடு செத்துப்போன இரண்டு பறவைகளும் வந்தன. குளிருக்குப் பாறை இடுக்கில் ஒதுங்கியவை போலும். வேலையாட்கள் அவற்றைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு பெயர்த்தெடுத்த ஒரு பெரிய பாளத்தின் மேல்பரப்பு மில்லரின் கண்ணில் பட்டது. அலை வடிந்த பிறகு கடற்கரை மணலில் வரிவரியாகத் தெரியும் இல்லையா? அதே வரிகள், அச்சு அசலாக, கல்லில்!

அலையின் தடம் கல்லுக்குள் எப்படி வந்தது? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. அவர் உடைத்துக்கொண்டிருந்தது ஓல்டு ரெட் சாண்ட்ஸ்டோன், அதாவது பழைய செம்மணற்கல்.

அது என்ன பாறை?

சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, டெவோனியன் காலம் என்று சொல்லப்படும் காலத்தை ஒட்டிப் படிந்த பாறை இது. அதற்குச் சற்று முன்னால் இரண்டு கண்டங்கள் மோதி, நடுவில் இருந்த கடல் மூடிக்கொண்டது. அந்த மோதலில் இமயமலையோடு ஒப்பிடத்தக்க மலைத்தொடர் எழுந்தது. இன்றைக்குக் குளிரில் நடுங்கும் ஸ்காட்லாந்து அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெயில் காயும் வறண்ட நிலமாக இருந்தது. மலையை மழையும் ஆறும் அரித்து, மணலையும் சரளையையும் கொண்டுவந்து கொட்டின. மணலில் இருந்த இரும்பு காற்று பட்டுத் துருப்பிடித்தது. செந்நிறம் வந்தது அப்படித்தான். சிவப்பு என்றால் வேறொன்றும் இல்லை, துருதான்!

இந்தப் பாறையை ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மட்டுமின்றி நார்வே, கிரீன்லாந்து வரை பார்க்கலாம். ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் பூமியின் வயதை யோசிக்கவைத்த சிக்கார் பாயிண்ட் பாறைகளில், செங்குத்தாக நிற்கும் பழைய அடுக்குகளுக்கு மேலே படிந்திருப்பதும் இதேதான்.

குரோமார்ட்டி பக்கம் ஒரு கூடுதல் விசேஷம். அங்கிருந்து வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து வரை அந்தக் காலத்தில் மிகப்பெரிய ஏரி ஒன்று இருந்தது. செத்த மீன்கள் ஆக்ஸிஜன் இல்லாத ஏரியின் அடியில் போய்ச் சேர்ந்தன. உடலைச் சுற்றிச் சுண்ணாம்பு திரண்டு உருண்டைக் கல்லானது. அந்த உருண்டையைச் சுத்தியலால் சரியாகத் தட்டினால், உள்ளே செதில் பளபளக்க மீன்.

சுத்தியலும் நுரையீரலும்

மில்லர் தட்டினார். வருஷக்கணக்காக, வேலை முடிந்த நேரங்களில் எல்லாம். இந்தச் செம்மணற்கல்லில் பெரிதாகப் புதைபடிவம் கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குக் கிடைத்ததில் விநோதமானது ஒரு சின்ன மீன். முன்பாதி முழுக்க எலும்புக் கவசம், பக்கத்துக்கு ஒன்றாக இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு. 1840இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி லூயி அகாசிஸ் அதை மீன் என்று வகைப்படுத்தி, மில்லரின் பெயரையே சூட்டினார். இன்றும் அது டெரிக்தியோடஸ் மில்லரி.

ஆனால், அந்தக் கல்லுக்கு அவர் கொடுத்த விலை சாதாரணம் இல்லை. எடின்பரோ அருகே வேலை பார்த்த 1820களிலேயே கல்தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது. நம்மூர் குவாரித் தொழிலாளர்களையும் வதைக்கும் அதே சிலிக்கோசிஸ்தான். ஊர் திரும்பி, கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டும் லேசான வேலைக்கு மாறினார். பிறகு வங்கியில் கணக்கர். 1837இல் லிடியா ஃபிரேசரைத் திருமணம் செய்தார். முதல் குழந்தை எலைசா 1839இல், இரண்டு வயதுகூட ஆகாமல் இறந்துபோனாள். அந்தப் பிஞ்சின் கல்லறைக்கல்லை அப்பாவே செதுக்கினார். அவர் செதுக்கிய கடைசிக் கல் அது.

ஆசிரியர் மில்லர்

1840இல் வாழ்க்கை திரும்பியது. ஸ்காட்லாந்து திருச்சபையில் ஒரு பெரிய சண்டை: சபைக்குப் போதகரை நியமிப்பது நிலக்கிழாரா, சபை மக்களா? மக்கள் பக்கம் நின்றவர்கள் எடின்பரோவில் தொடங்கிய பத்திரிகை 'தி விட்னஸ்'. அதற்கு ஆசிரியராக உளி பிடித்த இந்த மனிதரைத்தான் அழைத்தார்கள். 1843இல் திருச்சபை உடைந்தபோது அவரது எழுத்துக்கு அதில் பெரிய பங்கு இருந்தது. தலைநகருக்கு வந்தும் தோளில் ஆட்டிடையர் போர்வையோடுதான் திரிந்தார்.

சபைச் சண்டைக்கு நடுவே பாறை பற்றித் தொடர் எழுதினார். ஒரு மதச்சார்புப் பத்திரிகையில் மீன் புதைபடிவமா என்று தோன்றலாம். வாசகர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள்! 1841இல் அது 'ஓல்டு ரெட் சாண்ட்ஸ்டோன்' என்ற பெயரிலேயே நூலானது. பல பதிப்புகள் கண்டது.

இங்கேதான் சிக்கல். மில்லர் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர். அதேசமயம், பூமி சில ஆயிரம் வயதுதான் என்று சொன்னவர்களோடு அவரால் ஒத்துப்போக முடியவில்லை. கையில் இருந்த கல் வேறு கணக்குச் சொன்னது. பைபிளின் படைப்பு நாட்கள் என்பவை நீண்ட யுகங்கள் என்று வாதிட்டார். மறுபக்கம், உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்ற கருத்தையும் அவர் ஏற்கவில்லை. அதைப் பரப்பி 1844இல் பெயர் போடாமல் வந்த ஒரு நூலுக்கு, 1849இல் தனி நூலாகவே மறுப்பு எழுதினார். ஆதிகால மீன்களே உருவத்தில் பெரியதாக, முழுமையாக இருக்கின்றனவே, எங்கே படிப்படியான வளர்ச்சி என்பது அவரது கேள்வி. அந்த விவாதத்தில் பின்னாளில் அறிவியல் அவர் பக்கம் நிற்கவில்லை.

கடைசி நாட்கள்

1856இல் உடலும் மனமும் சேர்ந்து தளர்ந்தன. தாங்கமுடியாத தலைவலி, பயங்கரக் கனவுகள். திருடர்கள் புகுந்து தன் புதைபடிவச் சேகரிப்பைக் கொள்ளையடிப்பார்கள் என்ற அச்சம் வேறு. அறிவியலுக்கும் மதத்துக்கும் நடுவில் சிக்கியதால்தான் உடைந்துபோனார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால், அவரது எழுத்தில் அப்படியொரு குழப்பம் தெரியவில்லை, நோய்தான் தெரிகிறது. புதிய நூலின் அச்சுப்படிகளைத் திருத்தி முடித்த கையோடு, டிசம்பர் 24 அதிகாலையில், போர்டோபெல்லோ வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 54. எடின்பரோ கிரேஞ்ச் கல்லறைத் தோட்டம் நோக்கிப் போன இறுதி ஊர்வலத்தில் பெரும் கூட்டம் திரண்டது.

அந்த நூல் 1857இல் வெளியானது. சிதறிக் கிடந்த மற்ற எழுத்துகளைத் தொகுத்துக் கொண்டுவந்தது லிடியா. அவரும் எழுத்தாளர்தான், குழந்தைகளுக்காகப் புனைபெயரில் எழுதியவர். இதைப் பலரும் சொல்வதே இல்லை. டார்வினின் உயிரினங்களின் தோற்றம் 1859இல் வந்தது. அதைப் படிக்க மில்லர் இல்லை.

திருடர்கள் கொண்டுபோவார்கள் என்று அவர் பயந்த 6,000க்கும் மேற்பட்ட புதைபடிவங்கள் இன்று ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. குரோமார்ட்டியின் அந்தக் கூரை வீட்டையும் போய்ப் பார்க்கலாம்.