கேப்டன் மைல்ஸ் கியோ: வீரமும் நீதியும்

தாயகத்தை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் வரலாறு திருச்சபைக்குப் புதிதன்று. அவர்களுள் வாளை நம்பிச் சென்ற ஓர் அயர்லாந்து கத்தோலிக்கரின் வாழ்க்கையை இங்கே நாம் சிந்திப்போம். போற்றத்தக்கதும் வருந்தத்தக்கதும் ஒருங்கே கொண்ட வாழ்க்கை அது.

மைல்ஸ் கியோ 1840-ம் ஆண்டு மார்ச் 25-ம் நாள், கார்லோ மாவட்டத்தில் பாரோ நதிக்கரையிலுள்ள லாக்லின்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். ஓரளவு வசதியுள்ள குடும்பம். எனினும் அவரது பிள்ளைப் பருவத்தில்தான் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தில் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவு மக்கள் கப்பலேறி அந்நிய நாடுகளுக்குச் சென்றனர். நிலம் அந்நியர் கையில் இருந்தால் மக்கள் படும் பாடு என்ன என்பதை அந்தத் தலைமுறை கண்ணாரக் கண்டது.

1860-ல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் ஆட்சிப் பகுதிகளைப் பியெத்மோந்து அரசின் படை தாக்கியது. அப்போது இருபதே வயதான கியோ இத்தாலிக்கு விரைந்து, புனித பத்ரீசியார் படைப்பிரிவில் சேர்ந்தார். முற்றுகையிடப்பட்ட அங்கோனா கோட்டையில் போரிட்டார். செப்டம்பர் மாத இறுதியில் கோட்டை வீழ்ந்ததும் சிறைப்பட்டார். விடுதலைக்குப்பின் உரோமையில் பணிபுரிந்தார். இராயப்பரின் திருப்பீடத்தைக் காக்கப் போரிட்டதற்கான பதக்கமும் பெற்றார்.

1862-ல் அமெரிக்கா சென்று, உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். ஜெனரல் புபோர்டின் துணை அதிகாரியாகக் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நின்றார். அடிமைத்தனம் ஒழியக் காரணமான அந்தப் போரில் அவர் ஆற்றிய பணியை நாம் நன்றியுடன் நினைக்கலாம். 1866-ல் ஏழாம் குதிரைப்படையில் கேப்டனாக நியமனம் பெற்று மேற்கு எல்லைப்புறம் சென்றார். அப்படையின் வீரர்களில் பலர் அவரைப் போலவே அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடியேறியவர்கள்.

இங்கேதான் நம் மனம் கலங்குகிறது. 1868-ல் செய்த லாரமி கோட்டை உடன்படிக்கையின்படி கருங்குன்றுகள் லகோட்டா மக்களுக்கே உரியவை. அந்த ஆண்டிலேயே பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவான தெ ஸ்மெத் அடிகளார், ஆயுதமின்றி அம்மக்களின் தலைவர் சிட்டிங் புல்லின் பாசறைக்குச் சென்று சமாதானம் பேசினார். ஆனால் 1874-ல் அக்குன்றுகளில் பொன் கண்டுபிடிக்கப்பட்டதும் கொடுத்த வாக்கு காற்றில் பறந்தது. ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குத் திரும்பாதவர்கள் மீது படை ஏவப்பட்டது. தன் மண்ணில் அந்நிய ஆதிக்கத்தைக் கண்டு வளர்ந்தவர், பிறர் மண்ணைப் பறிக்கும் படையில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நடந்தார்.

1876-ம் ஆண்டு ஜூன் 25-ம் நாள், மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயன், அரப்பஹோ மக்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளைக் காக்கப் போரிட்டனர். தளபதி கஸ்டருடன் சென்ற ஐந்து அணிகளும் அடியோடு அழிந்தன. சுமார் 210 பேர் மடிந்தனர். முப்பத்தாறு வயதான கியோவும் தம் அணியினர் நடுவே வீழ்ந்தார். பல உடல்கள் சிதைக்கப்பட்டிருந்தும், அவருடையது சிதைக்கப்படாமல் கிடந்தது. அவரது குதிரை கொமாஞ்சி பல காயங்களுடன் உயிரோடிருந்தது. அதன்மேல் இனி எவரும் ஏறக்கூடாதென 1878-ல் படை ஆணையிட்டது. 1891-ல் இறந்த அக்குதிரையின் பாடம் செய்யப்பட்ட உடல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. கியோவின் உடல் 1877-ல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

அதே 1877-ல் கருங்குன்றுகளை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடு தரவேண்டுமென 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டா மக்களோ, பணம் வேண்டாம், நிலமே வேண்டும் என்று கூறிவிட்டனர்.

கியோவின் துணிவையும் விசுவாசத்தையும் நாம் மதிப்போம். ஆயினும் நல்ல கிறிஸ்தவனாயிருக்கத் துணிவும் கீழ்ப்படிதலும் மட்டும் போதா. எந்தக் காரியத்திற்காகக் கீழ்ப்படிகிறோம் என்று மனச்சான்றைக் கேட்பதும் கடமையே. கியோவின் ஆன்மாவுக்காகவும், அந்த ஆற்றங்கரையில் இருதரப்பிலும் மாண்ட யாவருக்காகவும் செபிப்போமாக.