அர்ச்சியசிஷ்ட ஜோசப் வாஸ் எழுப்பிய கோயில்



நம் ஊரில் கோயில் எது என்று ஒரு குழந்தையைக் கேட்டால், மணிக்கூண்டையும் அதன் உச்சியிலுள்ள சிலுவையையும் சுட்டிக்காட்டும். அது தவறல்ல. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் வந்து முழங்காலிடும் நீங்களே மெய்யான கோயில் என்று திருச்சபை நமக்குப் போதிக்கிறது. சேசுநாதர் சுவாமி மூலைக்கல். அவர்மேல் ஒருவரோடொருவர் இணைத்துக் கட்டப்பட்ட உயிருள்ள கற்கள் விசுவாசிகள். அர்ச். இராயப்பர் தமது நிருபத்தில் இந்தச் சத்தியத்தை எழுதி வைத்திருக்கிறார்.

கேட்க இனிமையான போதனைதான். கோயில்கள் பறிபோய், குருக்கள் துரத்தப்பட்டு, செபமாலை வைத்திருப்பதே ஆபத்து என்னும் காலம் வந்தால் இந்தப் போதனை நிலைக்குமா? ஒரு காலத்தில், நமக்குக் கடலுக்கு அக்கரையிலுள்ள இலங்கைத் தீவில் இது பரீட்சிக்கப்பட்டது. அந்தப் பரீட்சையில் தேறிய சனங்களையும், அவர்களைத் தேடிப்போன ஒரு குருவானவரையும் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிறப்பும் குருப்பட்டமும்

ஜோசப் வாஸ் 1651-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி கோவா நாட்டிலுள்ள பெனாவ்லிம் என்னும் ஊரில், தம் தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தகப்பனாரின் ஊர் சாங்கோலே. அவர்களுடையது பிராமண குலத்திலிருந்து சத்திய வேதத்தில் சேர்ந்த கொங்கணிக் குடும்பம். கோவாவில் படித்து, 1676-ல் குருப்பட்டம் பெற்றார். மறு வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, சாங்கோலே கோயிலில் தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து, அதை எழுதிக் கையொப்பமும் இட்டார். அன்றுமுதல் சாகும்வரை அந்தக் கையெழுத்துக்கு உண்மையாயிருந்தார்.

1681 முதல் சில வருஷம் கன்னட நாட்டுக் கடற்கரையில் ஊழியம் செய்து கோவாவுக்குத் திரும்பினார். அந்நாட்களில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியக் குருக்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்வதில்லை. அதற்காக மனம் கசந்து உட்காராமல், சில இந்தியக் குருக்கள் பழைய கோவாவில் ஒன்றுகூடிச் செபத்திலும் தவத்திலும் வாழத் தொடங்கியிருந்தார்கள். 1685-ல் ஜோசப் வாஸ் அவர்களோடு சேர்ந்தார். அர்ச். பிலிப்பு நேரி ஏற்படுத்திய ஓரத்தோரிய சபையின் ஒழுங்கைத் தழுவிய அந்தச் சிறு கூட்டத்துக்கு அவரே தலைவரானார்.

குருவானவர் இல்லாத முப்பது வருஷம்

இப்போது இலங்கைக்கு வருவோம். அத்தீவின் கரைநாடுகளைப் போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்புப் பக்கத்திலும் ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1656-ல் கொழும்பும், 1658-ல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தர் கால்வீன் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். கோயில்களைத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். 1658-லேயே, கத்தோலிக்கக் குருவானவருக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று பிரசித்தம் செய்தார்கள். அவர்கள் கோயிலில் பதியாத கலியாணம் சட்டப்படி கலியாணம் ஆகாது. அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தும் வழக்காகும். இன்று நாம் பிரிந்த சகோதரர்களோடு சமாதானமாக ஜீவிக்கிறோம். பழைய பகையைக் கிளற இதை எழுதவில்லை. நம் முன்னோர் எதைத் தாங்கினார்கள் என்று நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஏறக்குறைய முப்பது வருஷம் அந்தக் கரைநாடுகளில் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைப்பூசுதலில்லை. முப்பது வருஷமென்றால், அன்று ஞானஸ்நானம் பெற்ற குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைக்கு மணம் பேசும் காலம். பலர் பயத்தால் தளர்ந்தார்கள். பெயருக்கு ஒல்லாந்தர் கோயிலுக்குப் போனவர்களும் உண்டு. ஆனாலும் விளக்கு அணையவில்லை. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவமாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு 1670-ல் வன்னிக் காட்டுக்குள் போனார்கள் என்பது மருதமடுத் திருப்பதியின் பாரம்பரியம். போக இயலாதவர்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தார்கள்.

செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

மேய்ப்பனில்லாத இந்த மந்தையின் நிலையைக் கோவாவில் கேள்வியுற்ற ஜோசப் வாஸ் குருவானவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. 1686-ல் புறப்பட்டு, ஜான் என்னும் தம் குடும்பத்து ஊழியரையும் கூட்டிக்கொண்டு தெற்கே வந்தார். தூத்துக்குடியிலிருந்து 1687-ல் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். குருவானவரின் அங்கி அவர்மேல் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிய கூலிக்காரரின் கோலம். உயர்குலமென்று உலகம் மதித்த வீட்டுப் பிள்ளை, கூலியாளோடு கூலியாளாகக் கரை இறங்கினார். இறங்கியதும் கடுமையான வயிற்றுளைச்சலில் விழுந்து சாகக் கிடந்தார். இரக்கமுள்ள ஏழைகள் கொடுத்த கஞ்சியால் பிழைத்தார்.

யார் கத்தோலிக்கர் என்று எப்படி அறிவது? தெருவில் நின்று விசாரித்தால் உயிருக்கே மோசம். ஆகையால் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். வாசலில் நிற்பவரின் கண்கள் அந்தச் செபமாலைமேல் எப்படி விழுகின்றன என்று கவனித்தார். சில கண்கள் அலட்சியமாய்ப் பார்த்து விலகின. சில கண்கள் அதன்மேல் தங்கிக் கலங்கின. இப்படித்தான் அவர் தம் ஆடுகளைக் கண்டுபிடித்தார். நம்பத்தக்க குடும்பம் ஒன்றில் தாம் குரு என்று வெளிப்படுத்தியபோது, அந்த வீட்டார் அடைந்த ஆனந்தத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கவனியுங்கள்: அவர் அங்கே புதிதாக ஒரு திருச்சபையைப் படைக்கவில்லை. அது முன்னமே அங்கே இருந்தது. சிதறிக் கிடந்த கற்களை அவர் மறுபடி சேர்த்தார். அவ்வளவே.

இரவுப் பூசை

யாழ்ப்பாணத்துக்கு வடமேற்கேயுள்ள சில்லாலை என்னும் கிராமத்தார் அவரைத் தங்கள் நடுவே மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். பகலில் ஒளிந்திருப்பார். இருட்டியதும் ஒரு வீட்டில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, திவ்விய பூசை நிறைவேற்றி, விடியுமுன் வேறு இடத்துக்குப் போய்விடுவார். ஊர் முழுவதும் அறிந்த இரகசியம். காட்டிக்கொடுத்தவனுக்குப் பணம் கிடைத்திருக்கும். மறைத்தவனுக்குக் கிடைக்கக்கூடியது தூக்குமரம். ஆயினும் குருவானவர் பிடிபடவில்லை.

1689-ம் வருஷம் கிறிஸ்து பிறந்த திருநாள் இரவில், பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சேவகர் வளைத்துக்கொண்டார்கள். குருவானவர் தப்பினார். சனங்களில் பலர் பிடிபட்டுச் சிறையும் சவுக்கடியும் அனுபவித்தார்கள். தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர்விட்டார். அவர் குருவானவரல்ல, உங்களைப் போன்ற ஒரு விசுவாசி. திருநாள் பூசைக்கு வந்ததே அவர் செய்த குற்றம்.

கண்டியில் சிறையும் ஊழியமும்

யாழ்ப்பாணத்தில் தங்குவது சனங்களுக்கே ஆபத்து என்று கண்டு, 1690-ல் புத்தளத்துக்குப் போனார். அது கண்டி அரசரின் ஆட்சிக்குள் இருந்தது. 1692-ல் கண்டிக்குப் போனவரை, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒருவர் கோள் சொல்லவே, ஜானோடுகூடச் சிறை வைத்தார்கள். சிறையில் சிங்களம் படித்தார். காவலரின் மனம் இளகியபின், அங்கேயே ஒரு குடிசை போட்டுப் பீடம் அமைத்துப் பூசை செய்தார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

அப்போது நாட்டில் கடும் வறட்சி உண்டானது. அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் கேட்டுக்கொண்டபடி, குருவானவர் திறந்த வெளியில் பீடமும் சிலுவையும் நாட்டிச் செபித்தார் என்றும், பெருமழை பெய்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் பாரம்பரியம் சொல்லும். அதன்பின் பௌத்தராகிய அந்த அரசர் அவருக்குத் தம் நாடெங்கும் ஊழியம் செய்யத் தடையில்லாமல் உத்தரவு கொடுத்தார்.

1697-ல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அரசரும் பிரபுக்களும் நகரைவிட்டுப் போனார்கள். சொந்தக்காரரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். ஜோசப் வாஸ் குருவானவரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்த ஜோசப் கர்வாலோ குருவானவரும் நகரிலேயே தங்கினார்கள். வெறுமையான வீடுகளை ஆஸ்பத்திரியாக்கி, புண்களைக் கழுவி, சோறு ஊட்டி, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கனா, பௌத்தனா என்று அவர்கள் பார்க்கவில்லை.

கோயிலைத் தாங்கிய சாதாரணச் சனங்கள்

பங்கு மக்களே, இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை அதிகமாகத் தொடும் பாகம் இனிமேல்தான். தீவு பெரிது. குருக்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஒரு கிராமத்துக்கு ஒரு குருவானவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலே பாக்கியம். மற்ற நாட்களில் அந்தக் கிராமம் என்ன செய்யும்?

அதற்கு அவர் செய்த ஏற்பாடு இது. ஒவ்வோர் ஊரிலும் நல்லொழுக்கமுள்ள ஒருவரை அண்ணாவியாராக நியமித்தார். ஞாயிற்றுக்கிழமை சனங்களைச் சேர்த்துச் செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது, சாகக் கிடப்பவர்களைத் தேற்றி ஒருத்தனம் சொல்லவைப்பது எல்லாம் அண்ணாவியார் பொறுப்பு. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ள மூப்பர் என்று இன்னொருவர். இந்த அண்ணாவியாரும் மூப்பரும் உழுது பிழைத்தவர்கள், வலை வீசிப் பிழைத்தவர்கள். அவர்கள் கையில்தான் சேசுநாதர் தம் திருச்சபையை ஒப்படைத்திருந்தார்.

1705-ல் யாக்கோமே கொன்சால்வஸ் குருவானவர் கோவாவிலிருந்து வந்தபின், தமிழிலும் சிங்களத்திலும் ஞானப் புத்தகங்கள் எழுதி, ஊர்தோறும் வாசிக்கும்படி செய்தார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

மரணமும் மகிமையும்

ஓயாத நடையாலும் நோயாலும் உடல் தளர்ந்து, 1711-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கண்டியில் ஜோசப் வாஸ் குருவானவர் பாக்கியமான மரணம் அடைந்தார். இலங்கையில் கால்வைத்த நாள்முதல் அவர் திரும்பத் தம் ஊரைப் பார்க்கவேயில்லை. அப்போது அத்தீவில் 70,000 கத்தோலிக்கர் இருந்தார்கள் என்று சரித்திரக்காரர் கூறுகிறார்கள். கண்டியில் அடக்கமான அவருடைய கல்லறை பிற்காலத்தில் அடையாளம் தெரியாமல் போயிற்று. அவர் எழுப்பியதோ நிலைத்தது. 1796-ல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து, 1806-ல் ஆங்கில அரசாங்கம் கத்தோலிக்கர்மேல் இருந்த தடைகளை நீக்கும்வரை அந்தச் சனங்கள் விசுவாசத்தில் நின்றார்கள். 1995 ஜனவரி 21-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் கொழும்பு நகரிலேயே கொடுத்தார்கள்.

நமக்கு என்ன?

இனி உங்களைக் கேட்கிறேன். நாளைக் காலை நம் கோயில் கதவு அடைபட்டு, முப்பது வருஷம் திறக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் என்ன மிஞ்சும்? பிள்ளைகளுக்கு விசுவாச மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க அம்மாவுக்குத் தெரியுமா? அண்டை வீட்டில் சாகக் கிடப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொல்ல அப்பாவுக்குத் தைரியம் உண்டா? பூசையில் உங்கள் பக்கத்தில் முழங்காலிடுகிறவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவரைக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்பது மட்டும் போதாது. அவருக்காகக் கஷ்டப்படுவோமா?

திருநாளில் யார் கொடி பிடிப்பது, எந்தத் தெருவுக்குச் சப்பரம் முதலில் போவது, கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்த மூலை என்றெல்லாம் சச்சரவு செய்கிறோம். கல்லோடு கல் உராய்ந்தால் சுவர் எழும்பாது. மூலைக்கல்லின்மேல் சரியாய் உட்கார்ந்த கல், பக்கத்துக் கல்லோடும் தானாகவே பொருந்தும். சேசுநாதரை விட்டு விலகியிருக்கும்போதுதான் ஒருவரையொருவர் இடிக்கிறோம்.

பங்குக் குரு வருவார், மாற்றலாகிப் போவார். நானும் அப்படியே. நிற்கவேண்டியது நீங்கள். ஆகையால் இந்த வாரத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் வீட்டார் எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு குடும்பத்தின் வாசற்படியை நீங்களே முதலில் மிதியுங்கள். செபமாலை அணிந்து வாசலில் வந்து நின்ற அந்தப் பிச்சைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்று உங்கள் வாசலுக்கு வந்தால், இது கிறிஸ்தவர்களின் வீடு என்று உங்கள் கண்களைப் பார்த்தே அறிந்துகொள்வாராக.

அர்ச்சியசிஷ்ட ஜோசப் வாஸே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு