பத்து மைல் முன்னே பின்னே

ஸ்பேஸ்ஷிப் படம் எதை எடுத்தாலும் அதில் ஒரு நேவிகேட்டர் இருப்பார், கவனிச்சிருக்கீங்களா? வெளியே போர் நடக்கும், கேப்டன் கத்துவார், இவர் மட்டும் அமைதியா ஒரு ஸ்கிரீனைத் தட்டுவார். அவ்வளவுதான், கப்பல் சரியான இடத்துல போய் நிற்கும். அந்த ஸ்கிரீனைப் பிடுங்கிட்டு, கையில் ஒரு கடிகாரத்தையும் நனைந்துபோன புத்தகத்தையும் கொடுத்தால் அந்த ஆள் என்ன செய்வார்? நிஜத்தில் அப்படி மாட்டிய ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் ஃபிராங்க் வொர்ஸ்லி.

1872 பிப்ரவரி 22-ல் நியூசிலாந்தின் அகரோவாவில் பிறந்தவர். பதினஞ்சு பதினாறு வயசிலேயே பாய்மரக் கப்பலில் ஏறிவிட்டார். பிறகு வந்த இருபத்தைந்து வருஷக் கதையை வேகமாகத் தாண்டிடலாம். கப்பல், பசிபிக் தீவுகள், பதவி உயர்வு, மறுபடி கப்பல்.

1914-ல் லண்டனில் இருந்தபோது, பர்லிங்டன் தெருவில் பனிப்பாறைகள் மிதக்க, அவற்றுக்கு நடுவே தான் கப்பல் ஓட்டுவதாக ஒரு கனவு கண்டாராம். மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனால், அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கும் பயணத்துக்கான போர்டு ஒரு கதவில் தொங்கியது. உள்ளே எர்னஸ்ட் ஷாக்கிள்டன். கொஞ்ச நேரப் பேச்சிலேயே 'எண்டியூரன்ஸ்' கப்பலுக்கு கேப்டன் வேலை கிடைத்துவிட்டது. இது வொர்ஸ்லியே சொன்ன கதை. எவ்வளவு நம்புறதுங்கறது உங்க இஷ்டம். நம்ம ப்ளேஸ்மென்ட் எல்லாம் இவ்வளவு சுலபமா முடியுதா என்ன!

ஆகஸ்ட் 4-ம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. நாலே நாளில் எண்டியூரன்ஸ் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. 1915 ஜனவரியில் வெட்டல் கடலின் பனியில் சிக்கியது. பத்து மாசம் பனியோடு சேர்ந்தே நகர்ந்து, கடைசியில் நசுங்கி, நவம்பர் 21-ல் மூழ்கியது. அன்றைக்குச் சூரியன் தெரியவில்லை. மறுநாள் கிடைத்த வெயிலில் அளவெடுத்து, பனி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணித்து, கப்பல் மூழ்கிய இடத்தை வொர்ஸ்லி குறித்து வைத்தார். 2022 மார்ச்சில் ஆழ்கடல் ரோபோக்களை வைத்துத் தேடியவர்கள் சுமார் 3,008 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? வொர்ஸ்லி எழுதிய இடத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 4 மைல் தள்ளி. 106 வருஷம் கழித்துத் தேட வந்தவர்களுக்கும் அவர் குறிப்புதான் வழி.

ஒண்ணு சொல்லணும். கேப்டனாக அவருக்குப் பெரிய பெயர் இல்லை. ஆட்களைக் கட்டுப்பாட்டில் வைப்பது அவருக்கு வராது. விளையாட்டுத்தனம் ஜாஸ்தி. ஆனால் கையில் செக்ஸ்டண்ட் வந்துவிட்டால் வேறு ஆள்.

கப்பல் போனபின் 28 பேரும் மாசக்கணக்கில் பனி மேலேயே வாழ்ந்து, மூன்று சின்னப் படகுகளில் 1916 ஏப்ரல் 15-ல் எலிஃபண்ட் தீவில் ஏறினார்கள். ஆளில்லாத தீவு. தேடி யாரும் வரமாட்டார்கள். தென் அமெரிக்கா கிட்டத்தில் இருந்தாலும் அங்கே போகக் காற்று விடாது. காற்று போகும் திசையில் சவுத் ஜார்ஜியா இருந்தது. சுமார் 800 கடல் மைல், கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர். ஏப்ரல் 24-ல் ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, க்ரீன், மெக்னிஷ், மெக்கார்த்தி, வின்சென்ட் ஆகிய ஆறு பேர் 'ஜேம்ஸ் கேர்ட்' என்ற படகில் கிளம்பினார்கள். நீளம் 22 அடி சொச்சம். நம்ம காலேஜ் பஸ்ஸைவிடச் சின்னது.

இப்போ கணக்குக்கு வருவோம். செக்ஸ்டண்ட் என்பது அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளக்கும் கருவி. நடுப்பகல் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகைக்குத் துல்லியமான கிரீன்விச் நேரமும் வேண்டும், அதற்குத்தான் க்ரோனோமீட்டர். பூமி 4 நிமிஷத்தில் 1 டிகிரி சுற்றுகிறது. ஆகக் கடிகாரம் ஒரே ஒரு நிமிஷம் பிசகினால் கால் டிகிரி தப்பும். அந்தக் கடலில் அது சுமார் 8 கடல் மைல். எண்டியூரன்ஸ் கிளம்பும்போது 24 க்ரோனோமீட்டர்கள் இருந்தன. படகில் ஏறும்போது ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று.

சர்வே கேம்ப் போனவங்களுக்குத் தெரியும், அசையாத தரையில் தியோடலைட்டை லெவல் பண்ணவே எவ்வளவு நேரம் ஆகும்னு. இங்கே படகு ஒரு நிமிஷம் அலையின் உச்சியில், அடுத்த நிமிஷம் பள்ளத்தில். பள்ளத்தில் இருந்தால் அடிவானமே தெரியாது. இரண்டு பேர் வொர்ஸ்லியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, படகு உச்சிக்கு ஏறும் நொடியில் அவர் சூரியனைப் பிடித்துக் குரல் கொடுப்பார். ஷாக்கிள்டன் க்ரோனோமீட்டரைப் பார்த்து நேரம் குறிப்பார். அதுவும் சூரியன் முகம் காட்டினால்தான். 16 நாளில் அளவெடுக்க முடிந்தது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மற்ற நாட்களில் வேகம், திசை, காற்று எல்லாவற்றையும் மனசில் போட்டு ஓர் ஊகம். அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்கள் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ராத்திரி நெடுநேரம் சுக்கான் பிடித்துவிட்டு எழுந்தபோது அவர் உடம்பு மடிந்தபடியே விறைத்துவிட்டது. மற்றவர்கள் தேய்த்துவிட்டுத்தான் நிமிர்த்தினார்கள்.

மே 7-ம் தேதிதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமான நாள். கரை நெருங்குகிறது. திமிங்கில வேட்டை நிலையங்கள் தீவின் வடகிழக்குப் பக்கம். தீவின் வடமேற்கு முனையைச் சுற்றிப் போனால் நேராக ஆட்களிடம் போய்விடலாம். தாகத்தில் நாக்கு வீங்கிக் கிடந்த ஐந்து பேரும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வொர்ஸ்லி ஷாக்கிள்டனிடம் சொன்னது, தன் கணக்கு பத்து மைல்வரை தப்பியிருக்கலாம் என்பதுதான். பத்து மைல் வடக்கே பிசகினால் காற்று அவர்களைத் தீவைத் தாண்டி அட்லாண்டிக்கில் தள்ளிவிடும், திரும்பி வர முடியாது. முனையை விட்டுவிட்டு, ஆளே இல்லாத தென்மேற்குக் கரையை நோக்கிப் படகைத் திருப்பினார்கள். மறுநாள் மலை தெரிந்தது. புயல் கரையேற விடவில்லை. மே 10-ல்தான் தரையில் கால் வைத்தார்கள்.

அந்தப் பத்து மைலுக்கு விலை இருந்தது. ஆட்கள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், நடுவில் அதுவரை யாரும் கடக்காத, வரைபடமே இல்லாத பனிமலை. ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, க்ரீன் மூவரும் 36 மணி நேரம் நடந்து மே 20-ல் ஸ்ட்ரோம்னெஸ் சேர்ந்தார்கள். போர் எப்போது முடிந்தது என்று கேட்டால், இன்னும் முடியவில்லை என்று பதில்! கரையில் விட்டுவந்த மூவரைக் கூட்டிவர வொர்ஸ்லி ஒரு கப்பலில் போனார். குளித்து முகம் மழித்திருந்ததால் அவர்களுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. எலிஃபண்ட் தீவில் இருந்த 22 பேரை எட்ட மூன்று முயற்சிகள் தோற்று, நாலாவதாக ஆகஸ்ட் 30-ல் சிலியின் 'யெல்சோ' கப்பலில் மீட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

பனி விட்டது, போர் விடவில்லை. அதே படகில் வந்த மெக்கார்த்தி அடுத்த மார்ச்சில் கடற்போரில் இறந்தார். வொர்ஸ்லிக்கு பிசி-61 என்ற போர்க்கப்பல் கிடைத்தது. வணிகக் கப்பல் மாதிரி வேஷம் போட்டு, நீர்மூழ்கிகளை வரவழைத்துத் தாக்கும் ரகம். 1917 செப்டம்பர் 26-ல் யுசி-33 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை நேராக மோதியே மூழ்கடித்தார். பிழைத்தவர் அதன் கேப்டன் ஒருவர் மட்டும். இதற்காக டிஎஸ்ஓ பதக்கம். பிறகு வட ரஷ்யாவில் செய்த வேலைக்கு அதே பதக்கம் இரண்டாம் முறை. 28 பேரைக் காப்பாற்ற உதவிய அதே கண்ணும் கணக்கும்தான் அந்த நீர்மூழ்கியையும் ஆட்களோடு அனுப்பியது. எனக்கு அந்தப் பதக்கத்தைப் படிக்கும்போது முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

1922-ல் ஷாக்கிள்டன் 'க்வெஸ்ட்' கப்பலில், அதே சவுத் ஜார்ஜியாவில் இறந்தபோது கப்பலின் கேப்டன் வொர்ஸ்லிதான். அதற்கப்புறம் ஆர்க்டிக் போனார், புத்தகங்கள் எழுதினார், கோகோஸ் தீவில் புதையல்கூடத் தேடினார். புதையல் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வயது 67. சும்மா இருந்தாரா? வயதைக் குறைத்துச் சொல்லி ஒரு கப்பலுக்கு கேப்டனாகிவிட்டார்! பத்து மைல் பிழையை மறைக்காத மனுஷன் வயசை மட்டும் மறைத்தார். கண்டுபிடித்து இறக்கிவிட்டார்கள். அதன்பின் கடற்படையின் இளம் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தப் போனார். நுரையீரல் புற்றுநோய் வந்து 1943 பிப்ரவரி 1-ல் இறந்தார். போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் அவர் சாம்பலைக் கரைத்தார்கள்.