மலையேறும் புகைவண்டியின் தந்தை: நிக்லாஸ் ரிக்கன்பாக்

சேவூரில் நின்று வடமேற்கே நோக்குவார்க்கு, வானம் தெளிந்த நாட்களில் நீலகிரி ஒரு நீலக் கோடுபோலத் தோன்றும். பஞ்சும் நிலக்கடலையும் விளையும் புன்செய் நிலத்தினிடையே, தறியோசையும் பின்னற்பொறிகளின் ஓசையும் கேட்டு வளர்ந்தவர் யாம். எமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் வேலியோரப் புல்லின்மேல் நிற்கும் துளியேயன்றி வேறன்று. அது வெண்ணிறமாய் உறைந்து நிலமெல்லாம் மூடிக் கிடக்கும் காட்சியைப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தோம்.

ஆதலின் ஒரு மார்கழி விடுமுறையில், அன்பர் சிலருடன் மேட்டுப்பாளையம் சென்று, காலையில் புறப்படும் மலைவண்டியில் அமர்ந்தோம். கல்லாறு வரையில் வண்டி சமநிலத்தில் ஓடும் மற்றை வண்டிகளைப் போலவே பாக்குத் தோப்புகளினூடே ஓடிற்று. கல்லாற்றைக் கடந்ததும் அதன் நடை மாறியது. தண்டவாளங்களின் நடுவே பற்கள் பொருந்திய இருப்புச் சட்டம் ஒன்று தொடங்கியது. பின்னின்று தள்ளும் எஞ்சின் அப்பற்களைப் பற்றிப் பற்றி, ஒரு முதியவர் கோலூன்றி மலையேறுவதுபோல நிதானமாய் ஏறலாயிற்று. குன்னூரைத் தாண்டிக் கேத்திப் பள்ளத்தாக்கைக் கண்டு, நண்பகலில் உதகமண்டலம் சேர்ந்தோம். மறுநாள் விடியற்காலையில், தாழ்ந்த புல்வெளிகளெல்லாம் உப்புத் தூவினாற்போல உறைபனியால் வெளுத்திருந்தன. கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அவ்வெண்மை ஆவியாகி மறைந்தது.

இத்தகைய செங்குத்தான மலையின்மேல் புகைவண்டியை ஏற்றலாம் என்று முதன்முதல் துணிந்தவர் யார் என வினவப் புகுந்தபோது, ஒரு பெரியாரின் வரலாறு எமக்குக் கிடைத்தது. நம் நாட்டுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. அவரை அறிந்தோரோ சிலரே. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

நிக்லாஸ் ரிக்கன்பாக் 1817-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், பிரான்சு தேசத்தின் அல்ஸாஸ் நாட்டிலுள்ள கெப்வில்லர் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பம் சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பாசல் நகரைச் சார்ந்தது. தந்தையார் சர்க்கரை ஆலை நடத்தியவர். மைந்தருக்குப் பத்து வயதாகும்போது தந்தையார் காலமானார். கைம்பெண்ணாகிய அன்னை மக்கள் எண்மரையும் அழைத்துக்கொண்டு பாசலுக்கே திரும்பினார்.

பாசல் பட்டு நாடா நெசவுக்குப் பேர்பெற்ற நகரம். நம் திருப்பூர்ப் பக்கத்திலே இளைஞர் பலர் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்வதுபோல, அந்நகரத்து இளைஞரும் நாடா ஆலைகளை நாடுவது வழக்கம். ரிக்கன்பாக்கும் வாணிகம் பழக அத்தகைய ஆலையொன்றில் அமர்த்தப்பட்டார். ஆயினும் அவர் உள்ளம் கணக்கேட்டில் படியவில்லை. சுழலும் சக்கரங்களிலேயே பதிந்தது. அவ்வேலையை விட்டு இயந்திரப் பட்டறை ஒன்றிற் சேர்ந்து, சம்மட்டியும் அரமும் பிடிக்கக் கற்றார்.

பயிற்சி முடிந்தபின் பிரான்சு தேசம் சென்று, முதலில் லியோன் நகரிலும் பின்னர்ப் பாரிஸ் நகரிலும் கூலிக்கு உழைத்தார். பகலெல்லாம் பட்டறையில் வேலை. இரவில் கணிதமும் இயற்பியலும் கற்கும் வகுப்பு. பெரிய கல்லூரிப் பட்டம் எதுவும் அவருக்கில்லை. உடல் களைத்தபின் விளக்கொளியில் தேடிய கல்வியே அவர் பிற்காலத்துக்கு அடிப்படையாயிற்று. பாரிஸிலிருந்து சென் ஜெர்மேன் என்னும் ஊருக்கு 1837-இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதனைக் கண்ட ரிக்கன்பாக், தம் வாழ்நாளை எஞ்சின் கட்டுந் தொழிலுக்கே உரியதாக்குவதென உறுதி பூண்டார்.

தொழிலில் உயர்வு

1840-இல் ஜெர்மானிய நாட்டுக் கார்ல்ஸ்ரூவே நகரில், கெஸ்லர் என்பாரது எஞ்சின் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். அங்கே படிப்படியாய் உயர்ந்து பல எஞ்சின்கள் உருவாவதற்குத் துணைநின்றார். 1847-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுவிட்ஸர்லாந்து தேசத்தின் முதல் இருப்புப்பாதை ஸூரிக் நகருக்கும் பாடன் நகருக்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கென வாங்கிய லிம்மாட் என்னும் எஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்து, அதனை ஓட்டிக் காட்டியவர் ரிக்கன்பாக்கே.

1853-இல் சுவிஸ் மத்திய ரயில்வே கம்பெனியார் அவரைத் தம் இயந்திரப் பகுதிக்குத் தலைவராக்கினர். சில ஆண்டுகளில் ஓல்டன் நகரத்துப் பெரும் பட்டறை அவர் பொறுப்பில் வந்தது. பாசலுக்கும் ஓல்டனுக்கும் நடுவே ஹாவன்ஸ்டைன் என்னும் மலைத்தொடர் கிடக்கின்றது. அதன்மேற் செல்லும் பாதை ஆயிரம் அடிக்கு 26 அடி வீதம் உயர்வது. மழையிலும் பனியிலும் தண்டவாளம் நனைந்தால், எஞ்சினின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும், வண்டி நகராது. வழவழப்பான இரும்பின்மேல் வழவழப்பான இரும்பு உருளும்போது பிடிப்புக் குறையும் என்பது யாவரும் அறிந்ததே. எஞ்சினின் எடையைக் கூட்டினால் பிடிப்பு மிகும். ஆனால் அவ்வெடையையும் அன்றோ மேலே இழுக்க வேண்டும்! இந்தச் சிக்கலே அவரை உறங்கவொட்டாமல் வருத்தியது.

பல்சக்கரப் பாதை

அவர் கண்ட தீர்வு எளிமையானது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, ஏணி ஒன்றைக் கிடத்தினாற்போல, குறுக்குப் படிகளையுடைய இருப்புச் சட்டம் ஒன்றைப் பதிப்பது. எஞ்சினின் அடியில் பல்சக்கரம் ஒன்றைப் பொருத்தி, அதன் பற்கள் அப்படிகளில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகும்படி செய்வது. மனிதன் ஏணியேறுவது எவ்வாறோ அவ்வாறே எஞ்சினும் மலையேறும். இம்முறைக்கு 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் பிரான்சு தேசத்தில் காப்புரிமை பெற்றார்.

காப்புரிமை கிடைத்ததேயன்றி ஆதரவு கிடைக்கவில்லை. கற்றறிந்த பொறியாளர் பலர் அவரை எள்ளி நகையாடினர். பட்டறையிலிருந்து வந்தவர் பாதை வகுப்பதா என்பது அவர் நினைப்புப் போலும். ஆண்டுகள் பல கழிந்தன. இதற்கிடையே அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர், வாஷிங்டன் மலைமீது பல்சக்கரப் பாதை ஒன்றைத் தம் முயற்சியாலேயே அமைத்து 1869-இல் முடித்தார். ஒருவர் செயல் மற்றவரைத் தழுவியதன்று; ஒரே தேவை இரு கண்டங்களில் இருவரை ஒரே வழியில் நடத்தியது.

ரிக்கன்பாக் மனந்தளர்ந்திலர். நேஃப், ஷொக்கே என்னும் பொறியாளர் இருவரைத் துணைகொண்டு, லூசர்ன் ஏரிக்கரையிலுள்ள விட்ஸ்னாவ் என்னும் சிற்றூரிலிருந்து ரிகி மலைமீது பாதையமைத்தார். ஏரிக்கரை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 435 மீட்டர். மலையுச்சியோ 1,798 மீட்டர். நான்கடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான இடங்களும் வழியில் உண்டு. சாய்வில் நிற்கும்போதும் கொதிகலத்து நீர் வேண்டிய அளவில் நிற்க வேண்டுமென்று, கொதிகலத்தைக் கிடையாய் வையாமல் குடம்போல நிமிர்த்தி வைத்தார். அறுந்துபோகும் இணைப்பால் கேடு நேராதிருக்க, எஞ்சினை எப்போதும் பள்ளத்தின் பக்கமே வைத்து வண்டியைத் தள்ளச் செய்தார். இறங்கும்போது எஞ்சினின் நீளுருளைகளே காற்றை அழுத்தும் பம்புகளாய் மாறி வேகத்தைத் தடுக்குமாறு புதிய தடையொன்றும் அமைத்தார். கல்லாற்றுக்கு மேலே எம்மைப் பின்னின்று தள்ளிய எஞ்சினைக் கண்டபோது, மேட்டுக்கு மேட்டாய் அவருடைய முன்யோசனையே எம்மைத் தாங்கிச் சென்றதென உணர்ந்தோம்.

1871-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், அவருக்கு 54 வயது நிரம்பிய அன்று, ரிகிப் பாதை திறக்கப்பட்டது. ஐரோப்பாக் கண்டத்தில் மலையேறிய முதற் பல்சக்கரப் புகைவண்டி இதுவே. நகைத்தவர் வாயடைத்தனர். 1873-இல் பாதை உச்சிவரை நீண்டது. வியன்னா, புடாபெஸ்ட் நகரங்களை அடுத்த மலைகளிலும், கடல்கடந்து பிரேஸில் தேசத்துக் கோர்க்கோவாடோ மலையிலும் அவர் முறையில் பாதைகள் எழுந்தன.

ரிகிப் பாதை 1937-இல் மின்சாரத்துக்கு மாறியது. இன்றும் பனிக்காலத்தில் அவ்வழியே வண்டிகள் ஓடுகின்றன. ஏரியின்மேல் மூடுபனி பரந்து கீழுள்ள ஊர்களை மறைத்திருக்கும். வண்டி அதனைக் கிழித்துக்கொண்டு மேலேறும். திடீரென வெயில் தோன்றும். கீழே முகிற்கடல், இருமருங்கும் வெண்பனி சுமந்து கிளை தாழ்ந்த தேவதாரு மரங்கள், தொலைவில் ஆல்ப்ஸ் மலையின் வெண்முடிகள். எங்கும் அமைதி. பல்சக்கரத்தின் ஒலியே அங்குக் கேட்கும் ஒலி. பனியிலே வழுக்கி நின்ற சக்கரத்தைக் கண்டு வருந்திய ஒருவரது உழைப்பால், பனி மூடிய மலையே மக்கள் உலாவும் இடமாயிற்று.

நீலகிரிக்கு வந்தமை

உதகமண்டலம் சென்னை மாகாண ஆட்சியாளரின் கோடைத் தங்கலாயிருந்தது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. அதற்கப்பால் மலைமேற் செல்லக் குதிரையும் மாட்டு வண்டியுமே துணை. ஆதலின் ரிக்கன்பாக்கின் புகழ் கேட்டோர் அவரை நாடினர். அறுபது வயது கடந்த அப்பெரியார், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடல்கடந்து நம் நாட்டுக்கு வந்து, நீலகிரிச் சரிவுகளை ஆராய்ந்தார். மேஜர் மோரண்ட் என்னும் அதிகாரியுடன் சேர்ந்து, பல்சக்கரப் பாதைக்கு 1,32,000 பவுன் செலவாகுமென மதிப்பிட்டார். நீலகிரி ரிகி ரயில்வே கம்பெனி என்னும் பெயரால் ஒரு சங்கமும் தோன்றியது. சுவிட்ஸர்லாந்து மலையின் பெயர் நம் நீலமலையின் பெயரோடு அவ்வாறு இணைந்தது.

ஆயினும் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. இலாபத்துக்கு உறுதி காணாமையால் இங்கிலாந்துத் தனவந்தர் முதலீடு செய்ய முன்வரவில்லை. 1885-இல் வேறொரு கம்பெனி எழுந்தது. 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். 1894-இல் அக்கம்பெனியும் முறிந்தது. பின்னும் ஒரு கம்பெனி 1896-இல் எழுந்து வேலையை மேற்கொண்டது.

ஆசிரியரும் மாணாக்கரும்

இங்கே இவ்வரலாற்றின் உயிரான பகுதிக்கு வருகின்றோம். நீலகிரியில் முடிவாய்ப் பதிக்கப்பட்டது ரிக்கன்பாக்கின் ஏணிச்சட்டம் அன்று. ரோமன் ஆப்ட் என்பவர் கண்ட சட்டம். இந்த ஆப்ட் 1850-இற் பிறந்தவர். ஓல்டன் பட்டறையில் ரிக்கன்பாக்கிடம் தொழில் பயின்றவர். ஆசிரியரின் ஏணிச்சட்டம் கனமானது, வளைவுகளில் அமைத்தற்கு அரியது என்பதை அருகிருந்து கண்டார். மேல்நோக்கிய பற்களையுடைய மெல்லிய சட்டங்களை இணையாய் நிறுத்தி, ஒன்றன் பல் மற்றொன்றன் இடைவெளிக்கு நேராய் வரும்படி தள்ளி அமைத்தார். ஒரு பல் விடுபடுமுன் மற்றொரு பல் பிடித்துக்கொள்ளும். ஆதலின் அதிர்ச்சி குறையும். இதற்கு அவர் 1882-இல் காப்புரிமை பெற்றார். வளைவு மிகுந்த நீலகிரிக்கு இதுவே பொருத்தமாயிற்று.

1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை பாதை திறக்கப்பட்டது. அதற்கு நாற்பதாம் நாள், ஜூலை 25-இல், 82 வயதினராகிய ரிக்கன்பாக் ஓல்டன் நகரில் உயிர்நீத்தார். தாம் நடந்து அளந்த மலையில் வண்டி ஏறியதை அவர் நேரிற் கண்டிலர். ஏறிய வண்டியும் அவர் சட்டத்தைப் பற்றி ஏறவில்லை.

இதனைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? யாம் நெடிது சிந்தித்தோம். புகழொன்றையே கருதுவார்க்கு இது தோல்வி. ஆனால் பற்களைப் பற்றி மலையேறலாம் என்னும் துணிவை ஐரோப்பாவில் நிலைநாட்டியவர் ஆசிரியர். அதன் குறையை நீக்கிச் செம்மைப்படுத்தியவர் மாணாக்கர். ஆசிரியரின் பட்டறையில் நின்றிராவிடில் அம்மாணாக்கர் அக்குறையைக் கண்டிருத்தல் அரிது. ஆசிரியரை மிஞ்சும் மாணாக்கர் தோன்றுவது ஆசிரியருக்கு இழிவன்று. அவர் கற்பித்தது பயன் தந்ததற்குச் சான்று.

முடிவுரை

பாதை 1908-ஆம் ஆண்டு அக்டோபரில் உதகமண்டலத்தை எட்டியது. 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு 46 கிலோமீட்டரில் ஏறும் இப்பாதையில், 16 குகைகளும் 208 வளைவுகளும் 250 பாலங்களும் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவு பற்சட்டத்தால் ஏறுவது. மேலேறிச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகின்றது. 2005-இல் யுனெஸ்கோ சபையார் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாய்ச் சேர்த்தனர்.

ரிக்கன்பாக் முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோது, தம்மை ஒரு பழைய மெக்கானிக் என்றே தலைப்பிட்டுக்கொண்டார். மன்னர்களும் சங்கத்தாரும் போற்றிய பின்னும், கரிபடிந்த கையை அவர் மறைக்கவில்லை. பகலில் ஆலையிலும் இரவில் ஏட்டிலும் உழைக்கும் இளைஞர் நம் சேவூரிலும் திருப்பூரிலும் பலர் உளர்; நம் கல்லூரியிலும் சிலர் உளர். அவர்களுக்கு இவ்வரலாறு அயல்நாட்டுக் கதையன்று. அடுத்த மார்கழியில் நீலகிரி வண்டியில் ஏறும் அன்பர்கள், உறைபனியைக் காணும் விரைவில், கல்லாற்றுக்கு மேலே தண்டவாளங்களின் நடுவிலுள்ள அப்பற்களை ஒரு கணம் குனிந்து நோக்குவார்களாக. அவற்றிலே ஒரு மாணாக்கரின் நுட்பமும், அதற்கு அடியில் ஓர் ஆசிரியரின் துணிவும் கிடக்கின்றன.